டைக்கு ஒரு மனு, மாப்பிள்ளை மோதிரத்துக்கு ஒரு மெஷின்

யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமென்றால் என் முதுகு தானாகவே வளைந்துவிடும். எதிரில் இருப்பவர் டை கட்டியிருந்தால் இன்னும் அரையடி வளையும். மதுரையில் தாலுகா ஆபீஸ் வாசலில் பழகிய உடம்பு. விமானம் ஏறி ஆக்லாந்து வந்தும் நிமிரவில்லை.

சில வருடங்களுக்கு முன், ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் எங்கள் வீட்டருகே ஒரு பள்ளி மைதானத்தில் பொங்கல் விழா. கயிறு இழுக்கும் போட்டியில் என்னைக் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். (எடையைப் பார்த்துத்தான், வீரத்தைப் பார்த்து அல்ல.) கயிறு உரசுமே என்று, கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரத்தைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். போட்டி முடிந்தபோது நாங்கள் தோற்றிருந்தோம், வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது, மோதிரத்தைக் காணோம்.

"அப்பா சனிக்கிழமை வராரு. ஏர்போர்ட்ல உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு, விரலைத்தான் பாப்பாரு" என்றாள் மனைவி கவிதா.

மாமனார் ஓய்வுபெற்ற தாசில்தார். நான் பெண் பார்க்கப் போன அன்றே "பையனுக்குப் பொறுப்பு பத்தாது" என்று தீர்ப்பு எழுதியவர். அதை எதிர்த்துப் பத்து வருடமாக மேல்முறையீடு செய்துகொண்டிருந்தேன். மோதிரம் போனால் வழக்கே போச்சு.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துச் சிவரூபனிடம் மெட்டல் டிடெக்டர் இருந்தது. ஓய்வு நாளில் கடற்கரையில் நாணயம் தேடுகிற ஆள்.

"மெஷின் தாறன். ஆனா பள்ளிக்கூடத்தில கேக்காமல் இறங்காதேங்கோ. அந்த மைதானத்தில ஆரும் நடக்கலாம், ஆனா தோண்டேலாது" என்றார்.

கேட்பதா? விடுவேனா! அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மூன்று பக்கத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். இணைப்பாகப் பாஸ்போர்ட் நகல், மோதிரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்ட கல்யாண போட்டோ. வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு டப்பா மைசூர்பாகு.

பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. வாசலில் இரண்டே பேர். ஒருவர் கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. இன்னொருவர் அரை டிரவுசரும் வெறுங்காலுமாகப் பூச்செடிக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தார். என் மூளை ஒரே நொடியில் இருவருக்கும் உத்தியோகம் வழங்கிவிட்டது.

வெறுங்கால்காரரிடம் மெஷினை நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடிங்க. கயிறு இழுத்த இடத்துல கரும்புச் சக்கை கிடக்கு, அதையும் பாத்துடுங்க" என்றேன், வெகு கனிவாக. (சக்கை எங்கள் ஆட்கள் துப்பியது. அந்தக் கனிவை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.) அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெஷினோடு மைதானத்துக்குப் போனார்.

டைக்காரரிடம் மனுவை இரு கையாலும் நீட்டி, வாயாலும் ஒப்பித்தேன். தோண்டும் குழி ஒவ்வொன்றையும் புல்லோடு மூடித் தருவதாக உறுதிமொழி கொடுத்தேன். அவர் உருகிவிட்டார். மூன்று துண்டு மைசூர்பாகு சாப்பிட்டார். பிறகு என் கையைக் குலுக்கினார்.

"மனசைத் தொட்டுட்டீங்க. ஆனா நான் வீடு விக்கிறவன். ஸ்கூல் வாசல்ல எங்க விளம்பரப் பலகை வைக்கலாமான்னு பிரின்சிபாலைக் கேக்க வந்தேன்."

"அப்ப பிரின்சிபால்?"

அவர் மைதானத்தைக் காட்டினார். அங்கே வெறுங்கால்காரர் ஒரு கையில் கரும்புச் சக்கையும் மறு கையில் மெஷினுமாக நின்றிருந்தார். மெஷின் வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓடினேன். அங்கேயே குழி வெட்டி என்னைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கும் அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். "சார், பெர்மிஷன்..." என்று மனுவை நீட்டினேன். அவர் குனிந்து, விரலால் புல்லை விலக்கி மோதிரத்தை எடுத்தார். போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். (இணைப்பு வீண் போகவில்லை.)

"உங்களுதுதான். மெஷின் போடணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாப் போதுமே" என்றவர், துளியும் சிரிக்காமல் கேட்டார்: "வேற எங்கயாவது சக்கை கிடக்கா, சார்?"

சனிக்கிழமை மாமனார் வந்தார். விரலைப் பார்த்தார். திருப்தி. ஆனால் கார் ஏர்போர்ட்டைத் தாண்டுவதற்குள் கவிதா முழுக் கதையையும் கொட்டிவிட்டாள். அவர் ஃபைல் படிக்கிற முகத்தோடு கேட்டு முடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி மாப்பிள்ளை, மனு குடுத்ததுக்கு ரசீது வாங்குனீங்களா?"

வாங்கவில்லை. மேல்முறையீடு அங்கேயே தள்ளுபடியானது.

வீடு விற்பவர் இன்றும் மாதம் தவறாமல் போன் செய்து மைசூர்பாகை விசாரிக்கிறார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வீட்டில் நான் ஒரு காபி கேட்டால் போதும், "மனு எங்கே?" என்கிறார்கள். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், கவிதாவும் மகளும் சோபாவில் சாய்ந்தபடி வெறுங்காலை நீட்டிக் காட்டுகிறார்கள்.