பக்கத்து மாடியில் நிறுத்தவும்

வக்கீல் மறுபடியும் கேட்டார். "உங்களுக்கு நினைவு தப்பிட்டா, உங்க சார்பா டாக்டர்கிட்ட முடிவு சொல்லப்போறது யாரு?"

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலி நுனியில் நெளிந்தான். திங்கட்கிழமை அவனுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன் இரண்டு பத்திரம் எழுதிவைக்க வந்திருந்தான். முதல் பத்திரத்தில் சிக்கலே இல்லை. எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தொழில் பாஷையிலேயே சொல்லிவிட்டான்.

"கரண்ட் போனா பக்கத்து மாடியில நிறுத்திக் கதவத் திறந்துடணும் சார். நடுவுல தொங்கவிடக் கூடாது."

பிழைக்க வழியில்லையென்றால் கருவிகளை வைத்து உயிரை இழுத்துப்பிடிக்க வேண்டாம் என்று வக்கீல் அதைச் சட்டத் தமிழாக்கிக்கொண்டார். அதை நிறைவேற்றப் போகும் ஆளைச் சொல்லும் இரண்டாவது பத்திரம்தான் அவனைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைச் சொன்னான். டைப் அடிக்கும் பெண் அடித்து முடிப்பதற்குள் பயம் வந்துவிட்டது. பட்டுப்போன தொட்டிச் செடியைத் தூக்கிப் போட மனசு வராமல் மாசக்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்.

"இவ என்னைத் தொங்கவிட்டுடுவா சார். எங்க அக்காவப் போடுங்க."

அக்காவுக்குப் போன் போட்டான்.

"இவ்வளவுதானா? தேறாதுன்னு தெரிஞ்சா உடனே நிறுத்தச் சொல்லிடறேன். நீ கவலைப்படாதடா."

கவலை அப்போதுதான் ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜை, சத்தம் போடுகிறது என்று விற்றவள் அக்கா. அவனோ குறட்டை விடுகிறவன்.

"ரெண்டு பேரையும் போட்டுடுங்க சார். சேர்ந்து முடிவெடுக்கட்டும்."

"ஒத்துப்போகலைன்னா?"

ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்பதிலேயே ஒத்துப்போகாத நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும். தீர்ப்புச் சொல்ல மைத்துனனையும் சேர்க்க நினைத்து அவனைக் கூப்பிட்டான்.

"ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு மாமா" என்றான் மைத்துனன். யாரும் இன்னும் எதையும் சொல்லவே இல்லை.

டைப் அடிக்கும் பெண் பெயர்களை அழித்து அழித்து அடித்தாள். வக்கீல் கொட்டாவியை விழுங்கினார். மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவன் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைவிட இவள்தான் பயந்துபோயிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"போதும் சார். இவளையே போடுங்க. சட்டுனு முடிவெடுக்கத் தெரியாதவதான். என்ன பண்றது, கட்டிக்கிட்டாச்சு."

"நீங்க சொன்னத அப்படியே சொல்லுவேங்க. கதவத் திறந்துடச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள் அவள்.

டைப் அடிக்கும் பெண் இன்னொரு உறையையும் அவளிடம் நீட்டினாள். "அம்மா, போன வாரம் நீங்க உங்களுக்காக எழுதச் சொன்ன பத்திரமும் ரெடி. முடிவெடுக்க இவரோட அக்காவத்தான் போட்டிருக்கு."

மெக்கானிக்குக்கு முகம் சிவந்தது. "அக்காவா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே?"

மனைவி ஜிப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். டைப் அடிக்கும் பெண்தான் பதில் சொன்னாள்.

"நீங்க ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள, அவங்களே எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துடுவாங்களாம் சார்."