உங்கள் நாய்க்குக் குளிரவில்லையாம்

யேசு மரி சூசை துணை

லாசால், மொன்றியல்
மாசி 13, வியாழக்கிழமை

அன்புள்ள இஞ்சேருங்கோ,

நான் சுகம், உங்கள் சுகத்துக்கு ஆண்டவரை மன்றாடுகிறேன் என்றுதான் கடிதம் தொடங்கவேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் மதர் சொல்லித் தந்தவ. அதற்கு மேலே நான் படிக்கவில்லை. செத்துப்போன ஆளுக்கு எப்படித் தொடங்குவதென்று அவ சொல்லித் தரவும் இல்லை. மனதில் கிடக்கிறதை அவருக்கே எழுதிப் பாருங்கோ என்று சுவாமியார் சொன்னபடியால் எழுதுகிறேன். நாற்பத்தொரு வருடத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இஞ்சை பாருங்கோ என்கிற இந்த இஞ்சேருங்கோதான், கடிதத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டேன். என் மனதில் கிடக்கிறது உங்கள் நாய்.

துறைமுகத்தில் பென்சன் எடுத்த வருடம் டொக்டர் உங்களை நடக்கச் சொன்னார். நடக்கிறதுக்குப் பதிலாக நீங்கள் ஒரு கிழமை முழுக்கக் கதிரையில் இருந்து, போனைப் பார்த்து, எனக்குக் குளிர்நாட்டு நாய்களை வாசித்தீர்கள். மலமூட்டாம், சுமை இழுக்குமாம். சமோயெட்டாம், எப்பவும் சிரித்த முகமாம். நியூபவுண்ட்லாந்தாம், ஐஸ் தண்ணீரில் நீந்திப்போய் ஆளைக் காப்பாற்றுமாம். மீன் வெட்டிக்கொண்டிருந்த நான், "வாங்கித்தான் ஆகவேணுமெண்டால் அந்தச் சென் பேர்னாட்டை வாங்குங்கோ, கோயில்லை கும்பிடுற ஒரு அர்ச்சிஷ்டவற்றை பெயராவது இருக்கு" என்றேன். "அது எங்கடை கட்டிலைவிடப் பெரிசு" என்று சொல்லிவிட்டு, ஒரு கண் நீலமும் ஒரு கண் மண்ணிறமுமாக இந்த ஹஸ்கியைக் கொண்டுவந்தீர்கள். கப்டன் என்று பெயரும் வைத்தீர்கள். "ரெண்டு அடுக்கு மயிர், மைனஸ் நாப்பதிலும் குளிராது" என்று வந்த போன ஆட்களுக்கெல்லாம் பெருமை சொன்ன நீங்கள், ஆடி மாதத்திலும் இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தீர்கள்.

மார்கழியில் நீங்கள் போய்விட்டீர்கள். மண் இறுகிப்போச்சு, சேமக்காலையில் இப்போது வெட்ட ஏலாது, சித்திரை கழியத்தான் அடக்கம் என்று பெட்டியைக் குளிர் அறை ஒன்றில் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் நாய்க்குக் குளிருதோ என்று இந்த ஊரே கவலைப்படுகிறது.

முதல் பெரிய பனிக்கு அது பின்வளவில் குழி தோண்டிப் படுத்துவிட்டது. கப்டன், கப்டன் என்று கூப்பிட்டேன், காது அசையவில்லை. பாவம் பார்த்து உங்கள் மண்ணிறச் சுவெற்றரைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். ஒரு நிமிடம் மரியாதைக்கு நின்றது, பிறகு கழற்றி, கடித்து, பனிக்குள் புதைத்துவிட்டது, அரை மணித்தியாலம் நான் மண்வெட்டியோடு தேடினேன், அதில் உங்கள் வாசம் இருந்தது, இப்போது நாய் வாசம். இதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதாம் ஜினெற், நான் நாயைக் குளிரில் போட்டுக் கொல்லுகிறேன் என்று நகரசபைக்குப் போன் அடித்துவிட்டா. சீருடையோடு ஒரு பிள்ளை வந்தாள். நாய் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் பனிக் கும்பியைக் காட்டினேன். அவளுக்கு முகம் வெளிறிப்போச்சு. அப்போது பார்த்துக் கும்பி எழும்பி, உதறி, கொட்டாவி விட்டது. அவள் சிரித்துச் சிரித்து அதைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்து, நாய்க்குக் குளிரவில்லை மதாம், நீங்கள்தான் தொப்பி போடாமல் நிற்கிறீர்கள் என்று எனக்கு ஏச்சு.

ஏன் வில்லங்கம் என்று உள்ளே கூட்டிவந்தால் ஹீற்றர் சூட்டுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊளை. மேல்வீட்டுக்காரர் தும்புத்தடியால் நிலத்தில் இடிக்கிறார். உங்கள் முப்பத்தோராம் நாள் செபத்துக்கு வந்த சனம் நித்திய இளைப்பாற்றி சொல்லத் தொடங்க, இதுவும் முகட்டைப் பார்த்துத் தொடங்கியது. "பாவம், அண்ணையை நினைச்சு அழுகுது" என்று உங்கள் தங்கச்சி ஜெயனி மூக்கை உறிஞ்சினா. அது மேசையில் இருந்த மட்டன் றோல்சுக்கு அழுதது. செபம் முடிய முதல் தட்டோடு விழுத்திப் பதினெட்டைத் தின்றது.

மகள் செலீனுக்குச் சொன்னேன். "அம்மா, உங்களாலை ஏலாது. அவன் இழுத்து விழுத்தினா ஆர் பாக்கிறது? நோர்த்திலை ஒருத்தர் நாய் பூட்டின பனிவண்டி ஓடுறார். சனிக்கிழமை வந்து கொண்டுபோவார்" என்றாள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். இன்று காலைவரைக்கும் யோசித்தேன்.

இன்று காலை பனி வழிக்கிற வாகனம் வேலி உயரத்துக்கு மலை கட்டிவிட்டுப் போக, உங்கள் கப்டன் துரை கோயில் படி ஏறுகிற மாதிரி ஏறி மற்றப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். உங்கள் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பின்னாலே ஓடினேன். மூன்று தெருவுக்குக் கப்டன் கப்டன் என்று கத்தினேன், திரும்பியும் பார்க்கவில்லை. பாலும் பாணும் விற்கிற தெப்பனேர் கடை வாசலில் வழுக்கி விழுந்தேன். விழுகிற நேரம் வாயில் என்ன வரும்? நாற்பத்தொரு வருடம் வந்ததுதான் வந்தது. "இஞ்சேருங்கோ" என்றேன்.

நாய் நின்றது. திரும்பி ஓடிவந்து என் முன்னால் குந்தியிருந்து, என்ன வேணும் என்கிற மாதிரிப் பார்த்தது.

விழுந்த இடத்திலேயே இருந்து யோசித்தேன். நாய் வந்த பிறகு நீங்கள் இருந்த மூன்று வருடமும் நான் அதைக் கப்டன் என்று கூப்பிட்டதே இல்லை. "இஞ்சேருங்கோ, சாப்பாடு போட்டாச்சு" என்றால் இரண்டு பேரும் வருவீர்கள். "இஞ்சேருங்கோ, கதவைச் சாத்துங்கோ" என்றால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பீர்கள், ஒருவரும் சாத்தமாட்டீர்கள். அதுதான் தன்னுடைய பெயர் என்று நாய் நினைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து சோதித்தும் பார்த்தேன். வா என்றால் அசையாது. வாங்கோ என்றால் வருகிறது. நாய்க்கு மரியாதை கேட்குது. சுவெற்றரை விட்டேன், றோல்சை விட்டேன், இதை விடமாட்டேன். அது நான் உங்களுக்கு வைத்த பெயர். வேறை ஒருத்தருக்கும் இல்லை. சனிக்கிழமை நாய் போகிறது. செலீனுக்கும் சொல்லிவிட்டேன்.

அங்கே உள்ள எங்கள் ஆட்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். மாமிக்கு இன்னும் என்னோடு கோபமென்றால், நான் வந்து கதைக்கிறேன் என்று சொல்லவும். மாதா உங்களைத் தன் போர்வைக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் இஞ்சேரும் என்று கூப்பிட்ட மனிசி

பி.கு: இன்று சனிக்கிழமை. அந்தப் பனிவண்டி மனிசன் வந்தது. தாடி முழுக்க ஐஸ், நல்ல மனிசன் போலத்தான் இருந்தது. என்ன பெயர் சொன்னால் நாய் வரும் என்று கேட்டாராம். செலீன் கப்டன் என்றாள். அவர் கூப்பிட்டார், நாய் சுவரைப் பார்த்தது. "வேறை பெயர் ஏதும் இருக்கோ அம்மா?" என்றாள். அந்தத் தாடிக்காரர் பத்து நாய்க்கு நடுவில் வண்டியில் நின்றுகொண்டு, காடு கேட்க இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ என்று கத்துகிறதை நினைத்துப் பார்த்தேன். "இல்லை. பெயர் இல்லாத நாயை ஒருத்தருக்கும் குடுக்கேலாது எண்டு சொல்லு" என்றேன். அவள் என்ன சொன்னாளோ, மனிசன் நாலு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு போனது. நாய் இப்போது பின்கதவுக்கு வெளியே பனிக்குள் படுத்திருக்கிறது. அதற்கென்ன, இரண்டு அடுக்கு மயிர். உங்களுக்கு நாங்கள் அந்த மெல்லிய நீலக் கோட்டுத்தான் போட்டுவிட்டோம். சொக்சும் ஒரு சோடிதான், செலீன் போதும் என்றாள். இதை எழுதும்போது வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போல, அது எழும்பி வந்து கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உங்களைக் கேக்கேல்லை, போய்ப் படுங்கோ என்று அதற்குச் சொல்லிவிட்டேன். நான் கேட்டது உங்களை. இஞ்சேருங்கோ, அங்கை குளிருதோ?