மாப்பிள்ளையின் பல்செட்டும் நான் பிடித்த போர்டும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மச்சான் எழுதுவது. நீங்களும் என் தங்கச்சியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் ஆடுகளும் சுகம். கிடா மட்டும் கோபமாக இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டிவியில் என்னைப் பார்த்துவிட்டு, இனி உங்கள் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினீர்களாம். உங்க பல்செட்டு விரிசல் விட்டுருச்சு, டவுன் டாக்டரம்மாகிட்ட சரிபண்ணக் கொடுத்து விட்டிருக்கு, வெள்ளிக்கிழமை கட்சி மேடையில பேசணும், வாங்கிட்டு வாங்கன்னு என்னை டவுனுக்கு அனுப்பினது யாரு? நீங்கதானே. ஆட்டைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனேன், அதுலதான் கிடாவுக்குக் கோபம். போய்ப் பார்த்தா பல்லு டாக்டரம்மா கதவுல சீட்டு ஒட்டியிருக்கு: ‘ஊர்வலத்துக்குப் போயிருக்கிறேன். அவசரமென்றால் அங்கே வரவும்.’ வெளியில இருந்து வந்தவங்களையெல்லாம் துரத்தணும்னு உங்க கட்சி சொல்லுதே, அதுக்கு எதிரான ஊர்வலம். தெரு கொள்ளாத ஜனம். பஸ் ஓட்டுறவங்க, நர்சுங்க, வாத்தியாருங்க, சக்கர நாற்காலியில ஒரு பெரியவர். மந்தையில ஆடு தேடிப் பழகினவன்தானே, “பல்லு டாக்டரம்மா”ன்னு ஒரு குரல் கொடுத்தேன். நாலு பேர் திரும்பினாங்க. நாலு பேரும் பல்லு டாக்டர்தான். நம்ம டாக்டரம்மா மூணாவது. அவங்களும் வெளியில இருந்து வந்தவங்கதான்.

“அய்யா, இதைக் கொஞ்சம் பிடிங்க, பையில தேடுறேன்”னு போர்டைக் கையில கொடுத்தாங்க. ‘நானும் இந்த ஊர்தான்’னு எழுதியிருந்துச்சு. நான் பிடிச்சா அது பொய்யா என்ன? அந்த நேரம் பார்த்து டிவிக்காரன் வந்துட்டான்.

பையில இருந்து பல்செட்டை எடுத்தாங்க. “இது யாரு பல்லுன்னு தெரியுமாம்மா?”ன்னு கேட்டேன்.

“தெரியும்யா. டிவியில அவர் பேசுறப்ப நான் பல்லைத்தான் பார்ப்பேன். மேல் வரிசை கொஞ்சம் ஆடுது.”

“உங்களைப் போகச் சொல்லிட்டா?”

“போறதுக்குள்ள இதை முடிச்சுக் கொடுத்துருவேன். பாதியில விட்டா அவருக்கு ஈறு புண்ணாயிரும்.”

பல்செட்டை வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். இத்தோட டப்பாவுல அனுப்பியிருக்கேன். என் மேல வருத்தம் வேண்டாம். ரெண்டு பேரும் நூறு வயசு பல்லோட இருங்க.

அன்புடன்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: டப்பாவுல பஞ்சுதான் இருக்கு. பல்செட்டை டாக்டரம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். நீங்க நேர்ல போய் வாயைத் திறந்தாத்தான் ஆடாம பொருத்த முடியுமாம். திங்கட்கிழமை காலையில உங்களுக்கு நேரம் கேட்டு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பேசாம இருங்க. அடுத்த பஸ்ஸுல திரும்பினேன்னதும் பொய். கடைசி வரைக்கும் போர்டைத் தூக்கிட்டு நடந்தது நான்தான்.