சிரிப்பை வெட்ட மறுத்த கட்டிங் மாஸ்டர்

திருப்பூர் முழுக்கச் சலித்தாலும் பாரசீக மொழியில் கோபப்படத் தெரிந்தவர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ராயபுரம் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். ஈரானில் ஒரு தையல் ஆலையில் பத்து வருஷம் துணி வெட்டிவிட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் வைத்த பெயர் ‘பாரசீக மாஸ்டர்’. துணி அடுக்கு கோணினால் திட்டு பாரசீகத்தில்தான் வரும். அர்த்தம் புரியாததால் யாரும் கோபித்துக்கொண்டு வேலையை விட்டு நின்றதில்லை.

அங்கே நான் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பனியன் கம்பெனிக் காதல் ஒன்றை நாவலாக எழுதி அச்சடித்து, வாங்க ஆளில்லாமல் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தேன். ஒரு பிரதியை வாங்கிப்போன மாஸ்டர், மூன்று வருஷ மதிய இடைவேளைகளைச் செலவழித்து அதைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தே விட்டார். தெஹ்ரானில் பதிப்பாளரும் கிடைத்தார். அங்கே புத்தகம் அச்சாக வேண்டிய அரசாங்க அனுமதி மட்டும் பாக்கி.

அனுமதிக்குப் பதில் ஆட்சேபணைப் பட்டியல் வந்தது. நாயகன் பீர் குடிக்கக் கூடாது. நாயகியின் கையைப் பிடிக்கக் கூடாது. பனியன் என்பது உள்ளாடை. அதைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு?

“பீரை மோராக்கிட்டனுங்க தம்பி,” என்றார் மாஸ்டர்.

“மோரைக் குடிச்சுட்டு அவன் எப்படிங்ணா ரோட்டுல உருளுவான்?”

“வெயில்ல மயக்கம்னு போட்டுக்கலாமுங்க. பனியனெல்லாம் சட்டையாயிருச்சு. அந்தக் கைதானுங்க பிரச்சினை. மூணாம் அத்தியாயத்துலயே ரெண்டு பேருக்கும் கண்ணாலத்தைப் பண்ணி வெச்சரலாமுங்களா?”

“பொண்ணோட அப்பன் ஒத்துக்காததுதானுங்களே கதையே!”

“அவனை நான் பேசிச் சரிபண்ணிக்கறனுங்க.”

திருத்தி அனுப்பினார். இம்முறை ஒரே ஒரு ஆட்சேபணை. கடைசி அத்தியாயத்தில் சூப்பர்வைசர் மிரட்டும்போது நாயகி பயப்படாமல், ஹால் முழுக்கக் கேட்கும்படி சிரிப்பாள். ஒரு பெண் அப்படிச் சிரிக்கலாகாது. அதை எடுத்துவிட்டால் அனுமதி.

“எடுத்துருங்ணா. புஸ்தகம் வரட்டும்,” என்றேன். வெளிநாட்டில் என் பெயர் அச்சாகும் ஆசை எனக்கு.

மாஸ்டர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். “பீர் இல்லாம அவன் பொழைச்சுக்குவானுங்க. சிரிப்பு இல்லீனா அந்தப் புள்ள செத்துப்போயிருமுங்க.”

அன்றே பதிப்பாளருக்குப் போன் போட்டு, புத்தகம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. ஈரானில் தன்னோடு வேலை பார்த்த தையல்கார அம்மா ஒருவருக்கு, பீரும் பனியனும் கைபிடித்தலும் திரும்பி வந்துவிட்ட முழு நாவலையும் வாட்ஸ்அப்பில் குரலாக வாசித்து அனுப்பினார். கடைசி அத்தியாயம் போன மறுநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், வந்திருந்த பதிலைக் கேட்க வைத்தார். தையல் மிஷின்களின் இரைச்சல். ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. உடனே பத்திருபது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என்னங்ணா சொல்றாங்க?”

“இதை மொழிபெயர்க்க ஒண்ணுமில்லீங்க தம்பி,” என்றார். மறுபடியும் அதையே ஓடவிட்டார்.

இப்போது இரண்டாவது நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் மாஸ்டருக்கு முதலில் வாசித்துக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.