தீமிதித் திருவிழாவில் நண்டு விற்றவன்

வியாபாரத்துக்கு எனக்கு இருந்த ஒரே தகுதி, வேறு எதற்கும் தகுதி இல்லாததுதான். நாலாவதோடு பள்ளியை விட்டேன். பதினேழு வயதுக்குள் ஐந்து வேலைகளையும் விட்டேன். (விட்டேன் என்பது மரியாதைக்கு. மூன்றில் துரத்தினார்கள்.) பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அக்கா வீட்டில் சோறு.

சொந்தத் தொழில் ஆசை தலைக்கேறியபோது, முதலுக்கு அக்காவின் தோட்டைக் கேட்டேன். அத்தான் தண்டவாள வேலைக்கு ஈப்போ போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் அடகை மீட்டுத் தருவதாகச் சத்தியம் செய்தேன். அக்கா கழற்றிக் கொடுத்தாள்.

கிள்ளான் சந்தையில் ஒரு சேதி கிடைத்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா, நல்ல கூட்டம். ஆனால் ஒரு மீன்காரன்கூட அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. (கேட்டால் என் யோசனையைத் திருடிவிடுவார்களே.) இரண்டு சாக்கு உயிர் நண்டு வாங்கினேன். ஆறு மைல் சுமந்துபோய்க் கோயிலுக்கு எதிரே இறக்கி, "நண்டு, நண்டு" என்று கூவினேன்.

மஞ்சள் உடுத்திய கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி கிட்டே வந்தாள்.

"தம்பி, நீ தமிழனா?"

"ஆமாக்கா."

"அப்ப இது என்னன்னு சொல்லு பார்ப்போம்." மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டினாள். மஞ்சள் கயிறு.

காப்புக் கட்டி ஒன்பது நாளாயிற்றாம். தோட்டம் முழுக்க விரதம். மறுநாள் தீமிதி. அதுவரை எந்த வீட்டிலும் கவிச்சி ஏறாது.

அவசரமாகச் சாக்கைத் தூக்கினேன். வாய்க்கட்டு அவிழ்ந்தது. நண்டுகளுக்குப் போக வேறு இடமா இல்லை? தீமிதிக்கு வெட்டியிருந்த குழிக்குள் வரிசையாக இறங்கின.

"விடுங்கப்பா, அதுங்களுக்கும் ஏதாவது வேண்டுதல் இருக்கும்" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. நண்டைப் பொறுக்கி, குழியை மஞ்சள் நீரால் கழுவச் சொன்னார். முடிப்பதற்குள் இன்னொரு சாக்கு வெயிலில் நாறிவிட்டது. எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டினேன். ரயிலுக்குக் காசில்லை. தண்டவாளத்தோடு நடந்து மறுநாள் வீடு சேர்ந்தேன்.

அத்தான் எனக்கு முன்பே வந்திருந்தார். தோடு எங்கே என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேங்க. உண்டியல்ல போட்டுட்டேன்."

அத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனைவியின் பக்தியைப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொன்னார். பக்கத்தில் நின்று நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பையன்களுக்குப் பள்ளியிலேயே வியாபாரம் சொல்லித்தர வேண்டும் என்கிறார்கள். சொல்லித்தரட்டும். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் ஏன் ஆளில்லை என்று கேட்கவாவது பழக்கட்டும்.

அத்தானிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு வருடமாயிற்று. அடுத்த ஞாயிறு அவர் நண்டு வாங்கிவந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் என்னைக் காட்டி அக்காவிடம், "மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி தோடு வை" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நண்டு என்றால் தோடுதான்.

அக்கா மட்டும் நண்டு என்றே சொல்கிறாள்.