பால் சோதிப்பவரின் முழங்கால்

முழங்காலை மடக்காமல் பால் கேனைத் தரையிலிருந்து தூக்க வழி உண்டா என்று செபோய் யோசித்துக்கொண்டிருந்தார். வழி இல்லை என்று தெரிந்ததும், கேனைத் தூக்காமலே பாலைச் சோதிக்க வழி உண்டா என்று யோசித்தார். வரிசையில் நின்ற பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, மூடியில் இல்லாத கீறல் ஒன்றை ஆராய்ந்துவிட்டு, “மேசை மேல வச்சிடும்மா. இன்னிக்கி வெளிச்சம் பத்தல,” என்றார்.

வெயிலில் கண் கூசியது.

மலைமேட்டு ஓரத்தில் இருக்கும் இட்டென் ஊரில் பாதிப் பேர் பந்தயங்களில் ஓடி ஓடியே உலகத்தைப் பார்த்தவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய உறவுக்காரர்கள். ஐம்பத்து மூன்று வயதுவரை செபோய் இந்த இரண்டாவது வகையில் நிம்மதியாக இருந்தார். பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலை முகர்ந்து, ருசித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்வது அவர் உத்தியோகம். அதற்கு ஓட வேண்டியதில்லை.

மகன் கிபெட் எல்டோரெட் நகரத்திலிருந்து வந்து, செலாகத் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். பெண் நல்ல பெண். குடும்பமும் மேட்டுக்கு அந்தப் பக்கம் பேர் பெற்ற குடும்பம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்.

“அவங்கப்பா தினம் காலையில ஓடுவாராம்ப்பா. இட்டென்காரங்க எல்லாரும் ஓடுவாங்கன்னு நான் எப்பவோ அவகிட்ட சொல்லிவச்சேன். நிச்சயம் முடிஞ்ச மறுநாள் உங்களோட சேர்ந்து ஓடணும்னு ஆசைப்படறாராம்.”

செபோய் டீயைக் கீழே வைத்தார். “நானும் ஓடறவன்தான்னு சொல்லிடு,” என்றார்.

மறுநாள் விடியலில் ஓடக் கிளம்பினார். ஒரு மாதத்துக்குள் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது.

வலி என்று வெளியே சொல்ல முடியாது. அந்த ஊர் ஆண்பிள்ளை வயசுக்கு வரும் சடங்கில் கத்திக்கு முன்னால் இமை அசைக்காமல் நின்றவன். அப்படி நின்றவன் இப்போது முட்டி வலிக்கிறது என்று முனகினால், அன்றைக்கும் ஒழுங்காகத்தான் நின்றானா என்று ஊர் பழைய சங்கதியைக் கிளறும். ஆகையால் செபோய் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்குப் போய், தன் நண்பர் ஒருவருக்கு முட்டி வலி என்றார்.

கடைக்காரி அதியம்போ, மீன்தான் சாப்பாடு என்று இருக்கும் ஏரிக்கரைப் பக்கத்துப் பெண். அவள் செபோயையும் பார்த்தாள், அவர் கை பிடித்துக்கொண்டிருந்த இடத்தையும் பார்த்தாள்.

“நண்பருக்கு இடது முட்டியா?”

“இடதுதான். எப்படித் தெரிஞ்சது?”

“சும்மா ஒரு யூகம். கொஞ்ச நாள் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டச் சொல்லுங்க.”

இரண்டும் நடக்காது, நண்பர் பிடிவாதக்காரர், சாப்பாட்டில் ஏதாவது மாற்றினால் சரியாகுமா என்று செபோய் கேட்டார். அவள் நேர்மையாகவே பதில் சொன்னாள். சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. எடை குறைந்தால் முட்டிக்குப் பாரம் குறையும், அது நிச்சயம். மற்றபடி சிலர் பாலை நிறுத்திப் பார்க்கிறார்கள், சிலர் சர்க்கரையை, சிலர் தக்காளி வகைகளை. மீன் நல்லது என்கிறார்கள். எதைச் செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும், அப்போதுதான் எது உதவியது என்று தெரியும்.

செபோய் முறைப்படி வேலை செய்கிறவர்தான். ஆனால் நிச்சயத்துக்கு இன்னும் கொஞ்ச வாரங்களே இருந்தன. எல்லாவற்றையும் அன்று சாயங்காலமே நிறுத்தினார்.

அன்று மனைவி ஜெருத்தோ உகாலிக் களி கிளறி, மணத்தக்காளிக் கீரையைப் பாலேடு விட்டுக் கடைந்து வைத்திருந்தாள். அதில் தக்காளியும் இருந்தது. செபோய் களியை மட்டும் வெறுமனே தின்றார்.

ஜெருத்தோ தட்டைப் பார்த்தாள். “எங்க சாப்பிட்டுட்டு வந்தீங்க?”

“எங்கயும் இல்ல.”

“அப்ப கீரை என்ன பாவம் பண்ணிச்சு?”

பசியில்லை என்றார். பசியில்லாதவர் இரண்டாவது தடவை களி வாங்கியதை அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

சங்கத்தில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பத்து மணி டீயை அவர் பால் இல்லாமல் கேட்டார். அந்தப் பக்கத்தில் பால் இல்லாத டீயை, மாடு இல்லாதவன் குடிப்பான், இல்லாவிட்டால் துக்க வீட்டுக்காரன் குடிப்பான். மாடு வைத்திருக்கிறவனும், வீட்டில் யாரும் சாகாதவனும், அதற்கு மேல் நாள் முழுக்கப் பாலுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறவனும் கறுப்பு டீ குடிப்பதை வரிசையில் நின்ற பெண்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். பால் சோதிக்கிறவரே பாலைக் குடிக்கவில்லை என்றால் அந்தப் பாலில் என்னவோ இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. அந்த வாரமே பல கேன்கள் தனியார் வண்டிக்குப் போயின.

சங்கத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். நாளையிலிருந்து எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டும் என்றார். செபோய் குடித்தார். குடித்துவிட்டு, சோதிக்கிறவர்களின் வழக்கம் என்று சொல்லி, ஓரமாகப் போய்த் துப்பினார்.

அதற்கு மறுநாள் வரிசையே இல்லை.

முழங்கால் வலி அப்படியே இருந்தது. ஆனால் மீன் இன்னும் பாக்கி. அதியம்போ ஊரிலிருந்து வரவழைத்த காய்ந்த மீன் ஒரு பொட்டலம் கொடுத்தாள். செபோய் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். செபோயின் அப்பாவும் தாத்தாவும் மீன் தின்றவர்கள் அல்ல. ஜெருத்தோ தன் பானையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் கொல்லைப்புறத்தில் தகர டப்பாவில் தானே வேகவைத்தார். நாய் வேலியோரம் போய்ப் படுத்தது. கோட்டை மூன்று தடவை துவைத்தும் வாடை போகவில்லை.

“ஏரிக்கரைப் பக்கம் உங்களுக்கு யாரு இருக்கா, கிபெட் அப்பா?” என்று ஜெருத்தோ கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“யாருமில்ல.”

“தினம் மருந்துக்கடைக்குப் போறீங்களாம்.”

“ஒரு நண்பருக்காக.”

“அந்த நண்பர் பேரு என்ன?”

செபோய் கோட்டை மறுபடியும் வாளியில் முக்கினார். முழங்கால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் நாற்பது வருஷப் பழக்கம் அதைத் திருப்பி அனுப்பியது.

இதற்குள் கறுப்பு டீ மேட்டைத் தாண்டிவிட்டது. பெண் வீட்டார் கவலையாக இருக்கிறார்கள் என்று கிபெட் போன் செய்தான். செபோய் மாடுகளை எல்லாம் விற்றுவிட்டார், அதனால்தான் வீட்டில் பால் இல்லை, பெண்ணுக்குக் கொடுக்க மாடு எங்கிருந்து வரும் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். “ஏதாவது பண்ணி இதைக் கெடுத்துடாதீங்கப்பா,” என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் செபோய் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்பது இன்னொரு காரணம்.

நிச்சயத்தன்று பெண் வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் முதலில் வலது காலை வைத்து, பிறகு யாருக்கோ கை காட்டுவதுபோல் கொஞ்சம் நின்று, இடது காலை இறக்கினார். சம்பந்தி யாத்தோர் படியிறங்கி வரவில்லை. படிக்கு மேலேயே நின்று வரவேற்றார். உயரமான ஆள், நரைத்த மீசை. ஓட்டக்காரனுக்குரிய கர்வம் என்று செபோய் நினைத்துக்கொண்டார். யாத்தோர் திரும்பி உள்ளே நடந்ததைப் பார்த்தால், ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்கிற நடை. தேவையில்லாமல் சக்தியைச் செலவழிக்காதவர் என்று தெரிந்தது.

வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும்போது லேசாக மீன் வாடை அடித்தது. செபோய் சட்டென்று கோட்டைக் கழற்றி வண்டிக்குள் எறிந்துவிட்டு வந்தார்.

இரு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். குலம் விசாரித்தார்கள், உறவுமுறை இடிக்கவில்லை என்று உறுதி செய்தார்கள். பிறகு மாடு பற்றிய பேச்சு வந்தது. பெண்ணின் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“உங்க வீட்ல டீ கறுப்பா இருக்குன்னு கேள்விப்பட்டோம். மாடெல்லாம் சௌக்கியமா?”

“சௌக்கியம்,” என்றார் செபோய்.

“பால் கறக்குதா?”

“கறக்குது.”

“நல்லது. அப்ப குடுவையைக் கொண்டாங்க.”

கரி தடவிய சுரைக்குடுவையில் புளிக்க வைத்த முர்சிக் பால் வந்தது. சம்பந்தி வீட்டுக் குடுவையை மறுத்தால் பெண்ணை மறுத்ததாக அர்த்தம். வழக்கப்படி யாத்தோர் முதலில் கிண்ணத்தைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, நெடுநேரம் குடித்தார். கீழே வைத்தபோது மீசையில் ஒரு துளிகூட ஒட்டவில்லை. என்ன சுத்தமாகக் குடிக்கிறார் என்று செபோய் வியந்தார்.

பிறகு கிண்ணம் அவர் கைக்கு வந்தது. சுவரோரம் செலாகத் நின்றிருந்தாள். கிபெட் அவளைப் பார்க்காமல் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வாரம் காத்த பத்தியம், நாளைக் காலை ஓட்டம், இடது முழங்கால் எல்லாம் செபோயின் கண்முன் வந்து போயின.

ஜெருத்தோ குனிந்து அவர் காதருகில் சொன்னாள்: “குடிக்கலன்னா உங்களை இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்.”

குடித்தார். ஒன்று போதாது என்று தோன்றியதால் இரண்டாவதும் கேட்டார். மூன்றாவது கிண்ணம் காலியானபோது பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பா மாடுகளின் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். கிபெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

விடைபெறும்போது யாத்தோர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“காலையில ஆறு மணிக்கு ஓடலாமா, சம்பந்தி?”

“ஆறுக்கே வந்துடறேன், சம்பந்தி.”

இரண்டு பேரும் நெடுநேரம் கையை விடவில்லை.

இரவு பக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினார்கள். காலையில் எழுந்ததும் செபோய் முழங்காலை அழுத்திப் பார்த்தார். மூன்று கிண்ணம் முர்சிக் குடித்தும் வலி கூடவில்லை. அத்தனை வாரம் குடிக்காமல் இருந்தும் குறைந்திருக்கவில்லை. முழங்காலுக்கு இந்த விஷயத்தில் அபிப்பிராயமே இல்லை என்று தோன்றியது.

ஆறு மணிக்குப் போனார். யாத்தோர் புத்தம்புதுக் காலணியோடு வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்.

“முதல்ல உடம்பைச் சூடு பண்ணிக்கலாம்,” என்றார் யாத்தோர்.

“ரொம்ப அவசியம்,” என்று செபோயும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடியே கைகளைச் சுழற்றினார்கள். மழை வரும்போல இருக்கிறது என்றார் யாத்தோர். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆமாம், வழுக்கும் என்றார் செபோய். மாட்டுத் தீவனத்தின் விலையைப் பற்றிப் பேசினார்கள். சோளம் இந்த வருஷம் எப்படி என்று பேசினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு கூட்டமாக அவர்களைத் தாண்டி ஓடிப்போனார்கள். ஏழு மணி ஆயிற்று. நீங்கள் முதலில் எழுந்திருங்கள் என்றார் செபோய். விருந்தாளிதான் முதலில் எழுந்திருக்க வேண்டும் என்றார் யாத்தோர். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

சமையற்கட்டிலிருந்து யாத்தோரின் அக்கா தாபுத்தானி இரண்டு கோப்பை டீயோடு வந்தாள். கறுப்பு டீ. செபோய் கோப்பைக்குள் பார்த்தார். தன் பத்தியம் இந்த வீட்டு அடுப்புவரைக்கும் தெரிந்துவிட்டது.

“எனக்காகப் பால் விடாம போட்டீங்களாக்கா? நான் பால் குடிப்பேன். நேத்து பாத்தீங்களே.”

“உங்களுக்காக இல்லய்யா, இந்த வீட்லயே மூணு மாசமா இப்படித்தான்,” என்றாள் தாபுத்தானி. யாத்தோர் இருமினார். அவள் நிறுத்தவில்லை. “மாப்பிள்ளையோட அப்பா தினம் ஓடுறாரு, உங்களோட ஓடணும்னு ஆசைப்படறாருன்னு பொண்ணு வந்து சொன்னா, அதுவரைக்கும் மாட்டுக்குப் பின்னாலகூட ஓடாத என் தம்பி அன்னிக்குக் கிளம்பி ஓடி முட்டியக் கெடுத்துக்கிட்டு, பாலை நிறுத்திட்டு, கொல்லையில உக்காந்து மீனை வேகவச்சுத் திங்கறான்.”