இரண்டு அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட்

ஜோன்கியேர்,
பிப்ரவரி 11.

அன்புள்ள மைத்துனர் நோர்மானுக்கு,

அத்தான் ரோசேர் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா யுகெத், உங்கள் அப்பா மூவரும் உயிரோடிருக்கிறோம். அங்கு உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உனக்கு மட்டும் ஜலதோஷம் பிடித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய், அதனால்தான் கடிதம்.

நவம்பரில் மாமா எங்களோடு தங்க வந்தபோது பக்கத்து அறைக்கு நீ ஹீட்டர் வைத்துக் கொடுத்தாய். அதையும் எங்கள் படுக்கையறை ஹீட்டரையும் சூட்டை அளந்து ஏற்றி இறக்கும் ஒரே தெர்மோஸ்டாட்டில் கோத்து, அதை மாமாவின் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டு, என் பீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாய். அனுபவிப்பது நாங்கள். ஜனவரியில் வெளியே மைனஸ் முப்பது, எங்கள் அறைக்குள் முப்பத்திரண்டு. அறுபத்தோரு வயதில் நான் ஜட்டியோடு படுத்தேன், உன் அக்கா ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டாள், பொறுக்க முடியாமல் ஜன்னலைத் திறந்தால் அது உறைந்துபோய்த் திரும்பச் சாத்தவே வரவில்லை, தலையணையில் பனி, காலடியில் ஹீட்டர், தலை ஐஸ்கிரீம், கால் வறுவல், இப்படி எந்த மனுசனாவது தூங்குவானா சொல்லு.

நேற்றுக் காலை கொல்லையில் பனி அள்ளும்போதுதான் பார்த்தேன். மாமாவின் ஜன்னல் ஒரு முழம் திறந்து கிடக்கிறது. அங்கே குளிர்காற்று பட்டதும் தெர்மோஸ்டாட் வீடே உறைகிறது என்று நம்பி எங்களை வேகவைக்கிறது. நேராக உள்ளே போனேன்.

"மாமா, ஜன்னலச் சாத்துங்க. அங்க நாங்க வேகுறோம்."

"எனக்கு மூச்சு முட்டுது மாப்ள."

"அப்ப இந்தத் தெர்மோஸ்டாட் குமிழக் குறைங்க. இருபத்தாறுல கிடக்கு."

"அதத் தொடமாட்டேன். நீயும் தொடாத."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்ப ஒங்க மகன் வீட்டுக்கே போயிருங்க," என்று சொல்லிவிட்டேன். எண்பத்து நாலு வயசு மனுசன், தொப்பியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடையிலிருந்து வந்த யுகெத் "அப்பா எங்க?" என்றாள். நான் சொன்னதும் கத்தவில்லை. கழற்றிய பூட்ஸைத் திரும்ப மாட்டினாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காரை எடுத்துக்கொண்டு தேடினோம். தேவாலயத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். புருவமெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. யுகெத் பெட்டியைக் காரில் வைக்கப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் குமிழத் தொடுறதுக்கு என்ன மாமா?"

"அவளுக்குச் சின்னப் புள்ளையிலேருந்து காலு சில்லுனு போயிரும். நான் குறைச்சா அவளுக்கும்ல குளிரும். எனக்கு வெக்கைன்னா ஜன்னலத் திறந்துக்குறேன். அதுல ஒனக்கு என்னய்யா வலிக்குது?"

அவர் மேல் கோபப்பட வழியில்லை. உன் அக்கா மேல் கோபப்படத் தைரியமில்லை. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். ஒரு கிழவன் மகளுக்காகக் குளிரில் விறைக்க, அந்த மகள் அவர் பாசத்தில் வெந்து சாக, ஒரே ஒரு கம்பியில் இத்தனை பாவத்தையும் செய்தவன் நீ. ஈஸ்டருக்கு என் வீட்டுப் பக்கம் வராதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், நீ மின்சாரம் தொடும்போது உன் சொந்தக்காரர்களையும் சேர்த்து.

இப்படிக்கு,
ரோசேர்

பி.கு.: கடிதத்தை யுகெத் படித்துவிட்டாள். "அவன் ரெண்டு தெர்மோஸ்டாட் கொண்டாந்தான். புதுசா பெயின்ட் அடிச்ச சுவரு, இன்னொரு ஓட்டை போட்டா கைய ஒடிப்பேன்னு அவன மிரட்டுனது யாரு?" என்று கேட்கிறாள். காலையிலிருந்து யோசித்துப் பார்த்தேன். நான்தான். சனிக்கிழமை வா, எங்கே வேண்டுமானாலும் ஓட்டை போடு, இங்கேயே சாப்பிடலாம். மாமா கேட்டால் மட்டும் எங்கள் அறைக் குமிழை இருபத்தாறில் வைத்ததாகச் சொல்லிவிடு.